நிழல் வரப்போகும் இடம்

மார்ச் 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. மற்றபடி நலம். உன் உடம்பு எப்படி, புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று எழுது.

இன்று காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அம்மா இருக்காங்களா? கன்னு கொண்டாந்திருக்கேன்" என்றார். நான் பதறிப்போய், "மாடு வாங்குற அளவுக்கு இங்க இடமில்லையேப்பா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நான்கு கறுப்புப் பைகளை இறக்கிவைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியில் கொஞ்சம் இலை. நீ ஊருக்குப் போவதற்கு முன்பே நர்சரியில் சொல்லிவைத்ததாம்.

"அம்மா எங்க?" என்று கேட்டார். வேலை மாற்றலாகி வெளியூர் போயிருக்கிறாள் என்றேன். தெரு முழுக்க அதைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். எதிர் வீட்டுத் தையற்காரரிடம் மட்டும் நாலைந்து முறை சொல்லியாகிவிட்டது. சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

நீயும் என் பையனும் என்ன பேசிக்கொண்டீர்கள், எங்கே முறிந்தது என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கப்போவதில்லை. நீ திரும்பி வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அதை ஒருமுறை எழுதியாகிவிட்டது. இனி எழுதி உன்னை நச்சரிக்க மாட்டேன்.

இப்போது கேட்பது ஒன்றுதான். குழி எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்? எது என்ன மரம்? வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு மேலே போவதும் கீழே வருவதும்தான் தெரியும். மண்ணைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. நான்கையும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறேன். டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்கின்றன.

இங்கே எல்லோரும் நலம்.

அன்புடன்,
மாமா


மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். தண்ணீர் ஒத்துக்கொண்டது, தலைமுடிதான் கொஞ்சம் கோபித்துக்கொண்டு கொட்டுகிறது. உங்கள் முழங்காலுக்குப் பச்சை மூடி போட்ட தைலம் இருக்கிறது. சமையலறை அலமாரியில் இரண்டாவது தட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்.

கன்றுகளை ரத்து செய்ய மறந்துவிட்டேன். உங்களுக்குச் சிரமமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், நர்சரியில் எடுத்துக்கொள்வார்கள்.

வைத்துக்கொள்வதானால், இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். வாசனை வருவது எலுமிச்சை. கைவிரித்த மாதிரி இலை சீமை அத்தி. நரம்பு எழும்பிச் சொரசொரவென்று இருப்பது கொய்யா. சின்ன இலை, நுனியில் சிவப்பு என்றால் மாதுளை.

கொய்யா சமையலறைத் தண்ணீர் வெளியே வரும் இடத்துக்கு. மாதுளைக்கு வெயில் வேண்டும், கேட்டுக்குப் பக்கத்தில். எலுமிச்சை மதிலோரம். அத்தி வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும், வேர் சும்மா இருக்காது. முழங்கால் ஆழக் குழி போதும். வெட்டி ஒரு வாரம் வெயில் படட்டும். பிறகு மக்கிய எருவும் மேல் மண்ணும் கலந்து போட்டு, பை மண் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்தில் நடுங்கள். எலுமிச்சையின் தண்டில் ஒட்டுப் போட்ட முடிச்சு ஒன்று இருக்கும். அது மண்ணுக்குள் போய்விடக் கூடாது. குழி வெட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே குனிய வேண்டாம்.

கடையில் வேலை சரியாக இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, பலகையில் எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி நம்பர் பார்க்கிறேன். அறை கடைக்கு மேலேயே. ஒரு ஜன்னல். எதிரே இன்னொரு வீட்டின் ஜன்னல்.

அங்கே எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

இப்படிக்கு,
மருமகள்


ஏப்ரல் 8

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இனி உனக்கு இந்தப் பேர்தான். கண் டாக்டர் இல்லை, கண்ணாடிக் கடைதான் என்று நீ சொன்னாலும் கேட்க மாட்டேன். தைலம் நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. முழங்கால் பாதி சமாதானத்துக்கு வந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நட்டுவிட்டேன். ஆள் வைக்கவில்லை. அதற்காக நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு குழிதான் வெட்டினேன். மேலே இருந்த மண் ஒரு நிறம், கீழே வேறு நிறம். இத்தனை வருஷம் இதன் மேல்தான் நடந்திருக்கிறேன், உள்ளே என்ன நிறம் என்று தெரியாமலே.

வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து ஒவ்வொரு கன்றையும் நட்டேன். ஒரு நூல் இப்படி அப்படி இல்லை. லிஃப்ட் ஏறி இறங்குமே, அந்த இரும்புத் தண்டவாளத் துண்டுகள் நாலு ஷெட்டில் கிடந்தன. அவற்றை அடித்து இறக்கி, கன்றுகளை மேலும் கீழும் நடுவிலுமாக ரப்பர் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். புயலே வந்தாலும் ஒரு இலை ஆடாது. தையற்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இது தோட்டமா போலீஸ் அணிவகுப்பா?" என்றார். பொறாமை.

அன்றைக்கு மத்தியானம் அசதியில் கண்ணயர்ந்தபோது ஒரு கனா. பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்டில் தனியாகப் போகிறேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிறது. திறந்தால் ஆபீஸ் இல்லை, வராந்தா இல்லை. மரம். அடுத்த மாடியிலும் மரம், இன்னும் கொஞ்சம் உயரமாக. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கீழே வர மாட்டேன் என்கிறது. நான் பயப்படவில்லை. இறங்கித்தான் என்ன செய்யப்போகிறோம் என்று பேசாமல் நின்றேன். விழித்தபோது வாயெல்லாம் எலுமிச்சை வாசனை.

அவனும் நலம். ஆபீஸில் வேலை அதிகம், தாமதமாக வருகிறான்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், முக்கால்வாசி நாள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாற்காலியில் இருந்த பெரியவர், தான் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டதாக நினைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த ஊருக்கு வந்தபின் நான் சத்தம் போட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் மாமா, கம்பியை உடனே அவிழ்த்துவிடுங்கள். ஆடாத தண்டு பருக்காது. காற்று தள்ளத் தள்ளத்தான் அடியில் கெட்டிப்படும், வேரும் மண்ணைப் பிடிக்கும். இப்படியே இறுக்கிவைத்தால் உயரமாக மட்டும் வளர்ந்து, கட்டை அவிழ்த்த அன்றைக்கே படுத்துவிடும். தண்டவாளம் நிற்கட்டும், பரவாயில்லை. பழைய துணியைக் கிழித்து ஒரே ஒரு இடத்தில் தொளதொளவென்று கட்டுங்கள். கோணலாகப் போனால் போகட்டும். இது லிஃப்ட் இல்லை.

இங்கே கண் பார்க்கும்போது கனமான ஃபிரேம் ஒன்றை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுவோம். "இப்ப தெளிவா இருக்கா, இதுக்கு முன்ன தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பேன். சிலர் கேள்வியையே மறந்துவிடுவார்கள். மங்கலாகத் தெரிகிறதே, அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேற்று கடை சாத்தியபின் நானே அதை மாட்டிக்கொண்டு, சம்பந்தமில்லாத லென்ஸைப் போட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த பச்சைப் போர்வை மரம் மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் கழற்றவில்லை.

அவர் நலம் என்று எழுதியதற்கு நன்றி.

மருமகள்


மே 17

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

முக்கால்வாசி நாள் சாப்பிடுகிறாயாம். மீதிக் கால்வாசி யாருக்கு மிச்சம் பிடிக்கிறாய்? இங்கே வெயில் தாங்க முடியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, நலம்.

அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்த அன்று பார்த்துக் காற்று. கொய்யா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் போய் ஒரே ஆட்டம். ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காற்று நிற்கிற வரைக்கும் விட மனசு வரவில்லை. நீ சொன்னது ஞாபகம் இருந்தது, இருந்தும் கை கேட்கவில்லை. இப்போதெல்லாம் காற்றடித்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். அத்தி வளர்ந்து விரிந்தால் சாயங்கால நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தேன். இப்போதைக்கு அத்தியின் நிழல் என் செருப்பை மறைக்கக்கூடக் காணாது. தையற்காரர் எதிரே இருந்து கத்தினார், "சார், வெயில்ல என்ன பண்றீங்க?" "நிழல்லதான்யா உக்காந்திருக்கேன்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் உண்மையாகவே கொஞ்ச நேரத்தில் குளிர்ந்தது. கண்ணை மூடியிருந்தேன். மேலே இலைகள் ஒன்றோடொன்று பேசுகிற சத்தம். பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் நீ மடியில் எதையோ வைத்து உரித்துக்கொண்டிருக்கிறாய். நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் நீதான்.

நச்சரிக்க மாட்டேன் என்று சொன்னவன் இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். உன் அறையை ஒட்டடை அடித்து வைத்திருக்கிறேன். உன் மாமியார் போனபின் இந்த வீட்டில் யாராவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்கள் என்றால் அது நீதான். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

எலுமிச்சை இலை உதிர்க்கிறது. பயப்பட வேண்டுமா?

எல்லோரும் நலம்.

அன்புடன்,
மாமா


ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜூன் மாதம் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். வெயில் தணிந்திருக்கும், நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எலுமிச்சை இடம் மாறியதற்கு அழுகிறது. வேர் பிடித்ததும் தானே துளிர்க்கும். தண்ணீரைத் தண்டில் ஊற்றாமல் சுற்றிலும் பாத்தியில் ஊற்றுங்கள். அதன் வலப்பக்கக் கிளை மதிலில் உரசித் தோல் உரிந்திருக்கிறது. அதை மட்டும் அடியோடு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் புண்ணில் பூச்சி இறங்கிவிடும்.

நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தொப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மருமகள்


ஜூலை 20

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வராத நாட்களில் தபால்காரரை நான் பார்த்த பார்வையில், மனுஷன் தெருவை மாற்றிப் போக ஆரம்பித்துவிட்டார். வந்துவிட்டது, போதும். நான் நலம். தொப்பி வாங்கிவிட்டேன். தையற்காரர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எழுத்தில் எழுத முடியாது.

எலுமிச்சையைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்ன கிளை, நீ சொன்ன பக்கம், மதிலில் உரசித் தோல் உரிந்துதான் இருந்தது. வெட்டிவிட்டேன். வெட்டியபின்தான் உறைத்தது. அதைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லையே! எனக்கே தெரியாதே! கண்ணாடி விற்கிறவர்களுக்கு இத்தனை தூரம் தெரியுமா? தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மாதுளை பூத்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் கேட்டுக்குப் பக்கத்தில் மெழுகில் செய்த மாதிரி சிவப்பாக ஏழெட்டுப் பூ. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போன ஒரு அம்மாவை நிறுத்திக் காட்டினேன். ஆனால் நர்சரிக்காரர் அந்தப் பக்கம் வந்தபோது, முதல் வருஷப் பூவையெல்லாம் கிள்ளிப் போடச் சொல்கிறார். பாவி! நிஜமாகவா?

எல்லோரும் நலம்.

மாமா


ஆகஸ்ட் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நர்சரிக்காரர் பாவி இல்லை, அவர் சொல்வது சரிதான். இந்த வயதில் காய்த்தால் செடியின் பலமெல்லாம் காய்க்குப் போய்விடும். வேர் இறங்காது. கிள்ளிவிடுங்கள். உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். ஒன்றே ஒன்றை விட்டுவைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதாக அதனிடம் சொல்லுங்கள்.

காலையில் எழுந்திருக்கும் முன்னால் கொஞ்ச நேரம் எனக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. குழாயிலிருந்து மண்ணில் விழுந்து, மண் குடித்து, பிறகு தேங்குகிற சத்தம். எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், அவ்வளவுதான். தெரிந்தும் அசையாமல் படுத்திருக்கிறேன். இந்நேரம் மாமா கொய்யாவை முடித்துவிட்டு மாதுளைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மாமா, ஒன்று கேட்கட்டுமா? எல்லோரும் நலம், எல்லோரும் நலம் என்று எழுதுகிறீர்களே, உங்களுக்குச் சாப்பாடு யார் செய்கிறார்கள்? காய்ச்சல் வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதற்கு மட்டும் வேடிக்கை பண்ணாமல் பதில் எழுதுங்கள்.

மருமகள்


செப்டம்பர் 2

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேலே யாருக்கு என்று போடாமலே எழுதுகிறேன்.

அவன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். ஆமாம், வந்திருந்தான் என்றுதான் எழுத வேண்டும். நீ போன மறுவாரமே ஆபீசுக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தாமதமாக வருகிறான், வேலை அதிகம் என்றதெல்லாம் நான் கட்டிய கதை. வெறும் வீட்டுக்கு நீ எதற்காகத் திரும்பி வருவாய் என்றுதான் அப்படி எழுதினேன். எல்லோரும் என்றால் நானும் அந்த நாலு குச்சியும். சாப்பாடு நானே செய்கிறேன், உப்பு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. காய்ச்சல் வந்தால் தையற்காரர் கஞ்சி கொண்டுவருவார்.

அவன் தோட்டத்தைப் பார்த்தபடியே சொன்னான். "ஜூன்லயே முடிஞ்சிடுச்சுப்பா. கோர்ட்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அப்போதுதான் எனக்கு எலுமிச்சைக் கிளை விளங்கியது. ஜூனில் நீ இந்த ஊருக்கு வந்திருக்கிறாய். இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறாய். மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாயே!

மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே வந்து என்னோடு இருப்பார்களாம். பிறகு மெதுவாக, "இனிமே அவளுக்கு எழுத வேணாம்பா. அவளுக்கும் சங்கடம், வர்றவளுக்கும் சங்கடம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. நியாயமாக இருப்பதுதான் கஷ்டம். சண்டை போட முடியவில்லை பார்.

அவன் போனபின் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் ஜூனில் முடிந்துவிட்டது. ஜூலையில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் ஒன்று. எனக்கு எழுத வேண்டிய அவசியம் எதுவும் இல்லாத பிறகு எழுதியிருக்கிறாய். முடிந்துவிட்டதே என்று அழுததும், இந்த இரண்டு கடிதத்துக்காகச் சந்தோஷப்பட்டதும் ஒரே நேரத்தில் நடந்தது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

உனக்குச் சங்கடம் என்றால் ஒரு வரி எழுது, நிறுத்திக்கொள்கிறேன். எழுதாமலே இருந்தாலும் புரிந்துகொள்வேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதில் என்ன போடுவதென்றும் தெரியவில்லை


செப்டம்பர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலமில்லை. உங்கள் கடிதத்தில் என் பேருக்கு இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததிலிருந்து நலமில்லை.

அன்றைக்குக் கோர்ட்டில் அவரிடம் விலாசம் கேட்டார்கள். அவர் வேறு ஏதோ தெருவைச் சொன்னார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீங்கள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறீர்கள் என்று. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. நேராக நம் தெருவுக்கு வந்துவிட்டேன்.

தையற்கடைக்கு முன்னால் நின்றேன். நீங்கள் கொய்யாவுக்குப் பக்கத்தில் நின்று, அதன் துணிக்கட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான்கும் கோணல்மாணலாக நின்றன. எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. தெருவைத் தாண்டி மதில்வரை வந்தேன். கேட்டில் கை வைத்தேன். மாமா என்று கூப்பிட வாயெடுத்தேன். காலையில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இனி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று நின்றுவிட்டேன். எலுமிச்சையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், அதனால்தான் அந்தக் கிளை கண்ணில் பட்டது. திரும்பும்போது தையற்காரர், "உள்ள போகலையாம்மா?" என்றார். "நான் வந்தத சொல்லிடாதீங்க" என்றேன். அவர் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. நீங்கள் நினைக்கிற அளவுக்கு அவர் வம்புக்காரர் இல்லை.

உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். சொன்னால் கடிதம் நின்றுவிடும் என்று பயந்தேன்.

கோர்ட்டில் கொடுத்த தீர்ப்பை உங்கள் கடிதம் வந்தபின் எடுத்து முழுக்கப் படித்தேன். என் பேர் இருக்கிறது, அவர் பேர் இருக்கிறது. உங்கள் பேரைத் தேடினேன், எங்கேயும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பிரிந்ததாகத்தான் போட்டிருக்கிறது. உங்களிடமிருந்து என்னைப் பிரித்ததாக யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

கன்றுகளை வருகிறவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். நான் மனசாரச் சொல்கிறேன். எது எது என்ன மரம், எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். என் அறையையும் கொடுங்கள். பூட்டி வைக்காதீர்கள். ஆனால் உங்களை மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன். அவருக்குச் சங்கடமாக இருந்தால் பட்டுக்கொள்ளட்டும். எனக்கு இல்லை.

இன்னொன்று. உங்கள் கடைசிக் கடிதத்தில் வரியெல்லாம் வலது பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. கண் நம்பர் மாறியிருக்கிறது. இங்கே வாருங்கள், நானே பார்க்கிறேன். என் அறை சின்னதுதான். பக்கத்தில் ஒரு நல்ல அறை காலியாக இருக்கிறது, பேசிவைத்திருக்கிறேன்.

மருமகள் என்றே போடுகிறேன். நீங்கள் வேறு ஏதாவது சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

மருமகள்


செப்டம்பர் 19

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்த அன்று உப்புகூடச் சரியாக நின்றது.

தையற்காரரை நேராகப் போய்க் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சொல்லாதீங்கன்னு சொன்னாங்க, சொல்லல" என்றார். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் அவன் அந்தப் பெண்ணை அழைத்துவந்து காட்டினான். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துவிட்டதே என்று கொஞ்சம் அழுகையும் வந்தது. அத்தி இலையைத் தொட்டுப் பார்த்து, "யார் வெச்சது?" என்று கேட்டாள். உன்னைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. அவள் முகம் சுருங்கவில்லை. "நல்லா வெச்சிருக்காங்க" என்றாள். நான்கையும் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் கிளம்புகிறேன். சாயங்காலம் வந்து சேர்ந்துவிடுவேன். பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதே, கடையிலேயே இரு. நான் விசாரித்துக்கொண்டு வந்து மற்றவர்கள் மாதிரி வரிசையில் உட்காருகிறேன். என் முறை வரும்போது கூப்பிடு.

நேற்று அவன் வந்திருந்தபோதுதான் அவனிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றான். முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை, வாயில் அதுதான் வந்தது.

"என் பொண்ணு வீட்டுக்கு" என்றேன்.

அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து என் பழைய பெட்டியை இறக்கி, தூசி தட்டித் துடைத்து, கட்டிலின் மேல் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

அன்புடன்,
மாமா